எட்டு வெள்ளிச் செட்டும் ஒரு மணி நேரக் கூலியும்

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பேரங்காடிக்குள் நுழைந்தால், வாசலையொட்டிய குளிர்பெட்டிக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் நிற்கும் பெண்களையும், செம்பனைக் குலை ஏற்றிய லாரியை வெளியே நிறுத்திவிட்டு வந்த ஆட்களையும், அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களையும் ஒரே வரிசையில் காணலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு இவர்களைப் போன்றவர்கள் அந்த நேரத்தில் ஒட்டுக்கடையிலோ, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவந்த சோற்றுக்கு முன்னாலோ உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அவர்கள் கையில் இருப்பது 'செட்'. ஓர் உணவு, ஒரு நொறுக்குத்தீனி, ஒரு தண்ணி, அதாவது பானம், எல்லாம் சேர்த்து ஒரே விலை. மேலே தொங்கும் மஞ்சள் அட்டையில் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் என்பது சிவப்பு எழுத்தில் இருக்கும். அந்த மிச்சம் எதிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதும், மிச்சம் பிடித்துச் சாப்பிட்ட சாப்பாடு மாலை வரை உடம்பைத் தாங்குமா என்பதும் இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும், ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் பதில் தேட முடியாது.

மூன்று செட்டுகளை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் நான் ஒரே கடையில் ஒரே வாரத்தில் வாங்கி, ரசீதோடு குறித்துவைத்தவை. வேறு கடையில் வேறு மாதத்தில் காசு முன்பின் இருக்கும் என்றாலும் அமைப்பு இதுதான். முதலாவது, முக்கோணமாக வெட்டிய கோழி மயோனிஸ் சாண்ட்விச், ஒரு சிறு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், 350 மில்லி லிட்டர் போத்தல் பானம், தனித்தனியாக 4.90, 2.40, 2.60 என்று 9.90 ரிங்கிட் ஆக வேண்டியது, செட்டாக 7.90. இரண்டாவது, சூடுபெட்டியிலிருந்து எடுத்துத் தரும் நாசி லெமாக்கும் பொரித்த கோழிக் காலும் ஒரு டின் பானமும், 7.50-உம் 2.40-உம் சேர்ந்த 9.90 ரிங்கிட்டுக்குப் பதிலாக 8.50. மூன்றாவது, இனிப்பு வைத்த இரண்டு பன்னும் ஒரு பெட்டித் தண்ணியும்; 4.90-க்குப் பதிலாக 4.30. அட்டை சொல்கிறபடி பார்த்தால் முதல் செட்டில் 2 ரிங்கிட், இரண்டாவதில் 1.40, மூன்றாவதில் 60 காசு மிச்சம். விழுக்காட்டில் சொன்னால் ஏறத்தாழ 20, 14, 12. ஆகவே சாண்ட்விச் செட்டே சிறந்த பேரம் என்று தோன்றும். அந்த அட்டைதான் எல்லாவற்றிலும் பெரிதாகவும் தொங்குகிறது.

இந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கழித்தலைத் தொடங்கும் எண்தான் கேள்விக்குரியது. 9.90 ரிங்கிட் என்பது, மூன்று பொருளையும் முழு விலை கொடுத்து ஒரே வேளைக்கு வாங்கியிருக்கக்கூடிய ஒருவர் செலவழித்திருக்கும் தொகை. அப்படி வாங்குகிறவரை நான் அந்த வரிசையில் அரிதாகவே பார்த்திருக்கிறேன். செட் என்ற ஒன்று இல்லாதிருந்தால் சாண்ட்விச் வேண்டியவர் சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலில் பச்சைத் தண்ணீரைக் குடித்திருப்பார், அவருக்கு 4.90 ரிங்கிட்டோடு முடிந்திருக்கும். அவரைப் பொறுத்தவரை செட் 2 ரிங்கிட்டை மிச்சப்படுத்தவில்லை, 3 ரிங்கிட்டைக் கூடுதலாகச் செலவழிக்க வைத்திருக்கிறது. அதே அளவுகோலில் நாசி லெமாக் செட்டைப் பார்த்தால் கூடுதல் செலவு 1 ரிங்கிட், பன் செட்டில் (ஒரு பன் தனியாக 1.60) 1.10. அட்டையில் மிகப் பெரிய கழிவைக் காட்டுகிற செட்டே பையிலிருந்து மிக அதிகமாக எடுக்கிறது என்ற இந்த ஒரு செய்தியை எல்லாரும் அறிய வேண்டும் என்பதே இதை எழுத நான் உட்கார்ந்ததற்குக் காரணம்.

ஒரு நாளைக்கு 3 ரிங்கிட் என்பது சிறு காசுதான். மாதத்தில் 26 நாள் வேலைக்குப் போகிறவருக்கு அது 78 ரிங்கிட். தோட்டத்தில் மளிகைக்கடையில் கடன் வாங்கிய காலத்தில் கடைக்காரரிடம் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி என்று 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகம் இருக்கும். அரைக் கிலோ சீனியிலிருந்து ஒரு கட்டி நீலம் வரை அதில் ஏறும். அந்த முறையால் பட்ட துன்பங்கள் பல, அதை நான் புகழ வரவில்லை. ஆனால் சம்பள நாளன்று கடைசிப் பக்கத்தில் ஒரு கூட்டல் நடக்கும், அந்தக் கூட்டுத்தொகை குடும்பத் தலைவியின் கண்ணில் படும். இன்று கைப்பேசியை நீட்டி 7.90, 7.90 என்று செலுத்துகிறபோது கூட்டல் எங்கேயும் நடப்பதில்லை. மாதக் கடைசியில் கையிருப்பு குறைந்திருப்பது தெரியும், எதனால் என்பது தெரியாது. வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பதால், எட்டாம் தேதி தொடங்கி இரண்டு வாரம் செட் வாங்குவதும் அதற்குப் பிறகு பன்னுக்கு இறங்குவதும் பல தொழிலாளர்களின் வழக்கமாகிவிட்டன.

விலையைக் கூலியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே 1 முதல் 1,500 ரிங்கிட்டாக இருந்தது. 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களிலும் ஐவரே உள்ள இடங்களிலும், ஆகஸ்டு 1 முதல் மற்ற எல்லா இடங்களிலும் 1,700 ரிங்கிட் ஆனது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு இது நாளொன்றுக்கு 65.38 ரிங்கிட், மணிக்கு 8.17 ரிங்கிட். அதாவது நாசி லெமாக் செட் ஒரு மணி நேர உழைப்பைத் தாண்டிவிடுகிறது. சாண்ட்விச் செட் இரண்டு நிமிடம் குறைவாக நிற்கிறது. ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்காக 11 விழுக்காடு பிடிக்கப்பட்ட பிறகு கைக்கு வருவது மணிக்கு ஏறத்தாழ 7.27 ரிங்கிட் என்பதால், சாண்ட்விச் செட்டுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். மேலே சொன்ன 78 ரிங்கிட்டோ ஒரு முழு நாள் சம்பளத்தைவிட அதிகம். வறுவலுக்கும் பானத்துக்கும் மாதத்தில் ஒரு நாள் வேலை.

கடைக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஏமாற்று வேலை அல்ல. வியாபாரத்தில் நன்கு அறியப்பட்ட ஒரு முறை. இரண்டு வாடிக்கையாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டுநருக்குக் குளிர்ந்த பானம் முக்கியம், அதற்கு 3 ரிங்கிட் வரை கொடுப்பார், சாண்ட்விச்சுக்கு 4-க்கு மேல் கொடுக்க மாட்டார். அலுவலகக் கிராணிக்கு (எழுத்தருக்கு) சாண்ட்விச் முக்கியம், அதற்கு 6 ரிங்கிட் கொடுப்பார், பானத்துக்கு 1 ரிங்கிட்டே அதிகம். 4.90, 2.60 என்று தனித்தனியாக விற்றால் ஓட்டுநர் பானத்தை மட்டும், கிராணி சாண்ட்விச்சை மட்டும் வாங்குவார்கள், கடைக்கு 7.50 ரிங்கிட் சேரும். இரண்டையும் கட்டி 7 ரிங்கிட்டுக்கு வைத்தால் இருவருமே வாங்குவார்கள், 14 ரிங்கிட் சேரும். பின்னாளில் அமெரிக்காவின் நிதியமைச்சரான ஜேனட் யெல்லனும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் 1976-இல் கணித முறையில் விளக்கிக் காட்டிய செய்தி இதுதான். ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளை விரும்பும்போது, சேர்த்துக் கட்டுவதால் விற்பவருக்கு வருமானம் கூடும். வாங்குகிறவருக்கும் நட்டமில்லை என்று இதை வாதிடலாம். இருவரும் தாங்களாகவே விரும்பித்தான் வாங்கினார்கள். ஆனால் கிராணி தமக்குத் தேவையில்லாத பானத்தைக் குடித்தும் விடுகிறார் என்பது அந்தக் கணிதத்துக்குள் வருவதில்லை. வாங்கிய சட்டையை அலமாரியில் போட்டு வைக்கலாம். திறந்த பானம் வயிற்றுக்குள்தான் போகும்.

இதோடு கெட்டுப்போகும் காலமும் சேர்கிறது. சாண்ட்விச்சுக்கு இரண்டு மூன்று நாள் ஆயுள். விற்காவிட்டால் குப்பைக்குத்தான் போகும். டின் பானமும் வறுவலும் மாதக்கணக்கில் கிடக்கும். விற்றே ஆக வேண்டிய பொருளை எப்போதும் விற்கக்கூடிய பொருளோடு கட்டுவது கடைக்காரருக்கு இயல்பான ஏற்பாடு.

இந்த மூன்றுறுப்பு அமைப்பு நம் ஊரில் பிறந்ததல்ல. பிரிட்டனில் பூட்ஸ் மருந்துக்கடைகள் 1985-இல் சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் என்ற வடிவில் இதைத் தொடங்கின, பிறகு பேரங்காடிகள் எல்லாம் பின்பற்றின. அங்கே டெஸ்கோ நெடுங்காலம் 3 பவுனிலேயே வைத்திருந்த விலையை 2022 அக்டோபரில் உயர்த்தியபோது, உறுப்பினர் அட்டை உள்ளவருக்கு 3.40, இல்லாதவருக்கு 3.90 என்று இரண்டு விலை வைத்தது. பிரிட்டன் முறைக்கும் நம்முடையதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அங்கே ஒவ்வொரு பிரிவிலும் பல பொருள்கள் இருக்கும், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், பானத்துக்குப் பதில் வெறும் தண்ணீரையும் வறுவலுக்குப் பதில் பழத்தையும் எடுக்கலாம். நம் ஊரில் நான் பார்த்த செட்டுகளில் பெரும்பாலானவை கடைக்காரரே முடிவு செய்து கட்டியவை, மாற்ற இடமில்லை. ஒரு நாள் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் கல்லாவில், "தம்பி, தண்ணி வேணாம், அத எடுத்துட்டு கொறச்சுப் போட முடியுமா?" என்று கேட்டார். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: "முடியாதுக்கா, இதுல அப்படி ஒரு பட்டனே இல்ல." அவர் சற்று யோசித்துவிட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போனார். என் முறை வந்தபோது நான் எடுத்திருந்த போத்தல் 350 மில்லி லிட்டருக்குப் பதில் 500 மில்லி லிட்டராக இருந்ததால் செட் விலை விழவே இல்லை. ரசீதைப் பார்த்த பிறகுதான் முழு விலை கொடுத்திருப்பது தெரிந்தது. அட்டையின் கீழே பொடி எழுத்தில் எந்த அளவு, எந்தச் சுவை என்று எழுதியிருந்தது. கல்லாவை விட்டு நகர்வதற்கு முன் ரசீதைப் படிப்பது நல்லது.

இனித் தரம். சாண்ட்விச்சை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, சமையல் தராசில் வைத்தேன். மொத்தம் 128 கிராம். வெட்டிய பக்கம் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கும்போது நடுவில் கொழுகொழுவென்று தெரிந்த நிரப்பு, கத்தியால் வழித்து எடுத்தபோது 42 கிராம்தான் இருந்தது. அதுவும் வெட்டிய ஓரத்தில் குவிந்திருந்தது, மறுபக்கத்து மூலைகளில் ரொட்டி மட்டும். அந்த 42 கிராமைத் தண்ணீரில் அலசி மயோனிஸை நீக்கிப் பார்த்தால் கோழி ஏறத்தாழப் பாதி. நூல் நூலாகப் பிய்த்த இறைச்சி என் உள்ளங்கையின் நடுக்குழியைக்கூட நிரப்பவில்லை. கோழி இறைச்சியில் நூற்றுக்கு 25 பங்கு புரதம் என்று வைத்தால் அதில் 5 கிராம், ரொட்டியில் ஏழு கிராம் வரை, ஆக மொத்தம் 12 கிராமுக்குள். உணவு விதிமுறைகள் 1985-இன்படி பொட்டலத்தின் மேல் உட்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும்; அந்தப் பட்டியலில் கோழி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே, தராசு இல்லாமலே இதை யூகித்துவிடலாம். ரொட்டிக்குப் பிறகு எண்ணெயும் தண்ணீரும் வந்து, அதற்குப் பிறகு கோழி வந்தால், நீங்கள் வாங்குவது கோழி வாசனையுள்ள ரொட்டி.

நாசி லெமாக்கில் நிலைமை வேறு. கால் கிலோ சோற்றில் ஆறு ஏழு கிராம் புரதம், எலும்பு போக 60 கிராம் இறைச்சி உள்ள கோழிக் காலில் 15 கிராம், பாதி முட்டையில் 3 கிராம், நெத்திலியிலும் கச்சானிலும் இரண்டு மூன்று கிராம் என்று 26, 27 கிராம் வரை சேரும். பன் செட்டில் 8 கிராமுக்கு மேல் தேறாது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும், மத்தியான வேளைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 16, 17 கிராம். மூன்று செட்டுகளில் ஒன்று மட்டுமே அந்த அளவைத் தாண்டுகிறது. ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று வகுத்துப் பார்த்தால் சாண்ட்விச் செட்டில் 65 காசுக்கு மேல், பன் செட்டில் 54 காசு, நாசி லெமாக் செட்டில் 32 காசு. அட்டையின் விழுக்காட்டில் முதலில் நின்றது இந்த வரிசையில் கடைசிக்குப் போய்விடுகிறது.

புரதம் மட்டுமே சாப்பாடு என்று நான் சொல்லவில்லை. நாசி லெமாக்கில் தேங்காய்ப்பாலும் பொரித்த எண்ணெயும் சம்பலின் உப்பும் சீனியும் உண்டு. காய்கறி என்ற பெயரில் இரண்டு துண்டு வெள்ளரிக்காய். சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டில், அதாவது கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்ற அளவில், பேரங்காடியின் எந்தச் செட்டும் தேறாது. குலை வெட்டும் ஆளுக்கு அந்தச் சோறும் கொழுப்பும் இரண்டு மணி நேரத்தில் வேர்வையாகப் போய்விடும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிராணிக்குப் போகாது. ஒரே செட் இருவருக்கும் ஒரே தரமானதாக இருக்க முடியாது. ஆனாலும் மூன்று மணிக்குள் மீண்டும் பசித்து இன்னொரு பன்னுக்கு 1.60 கொடுக்க வைக்கும் சாப்பாட்டின் உண்மையான விலை, அதன் மேல் ஒட்டிய விலையைவிடக் கூடுதல் என்பது இருவருக்கும் பொருந்தும்.

பானத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மவர்கள் உடம்பில் இதன் கணக்கு மிகப் பெரியது. நூறு மில்லி லிட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள 350 மில்லி லிட்டர் போத்தலில் 35 கிராம் சீனி, அதாவது ஏழு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது, முடிந்தால் 25 கிராமுக்குள். காலையில் பசியாறும்போது குடித்த பால் தேநீரையும் சேர்த்தால் மத்தியானத்தோடு எல்லை முடிந்துவிடும். 2023-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியரிடையே இது தேசியச் சராசரியைவிட அதிகம். ஒவ்வொரு தாமானிலும் (குடியிருப்பிலும்) காலில் புண் ஆறாமல் இருக்கும் ஒருவரையோ, சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வாரம் மூன்று முறை போய்வரும் ஒருவரையோ நமக்குத் தெரியும். இந்த நிலையில், மத்தியானச் சாப்பாட்டோடு சீனித் தண்ணியை வலியக் கட்டி விற்பதைச் சாதாரண வியாபாரத் தந்திரம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல், நூறு மில்லி லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு கலால் வரி விதித்தது. 2024-இல் அது 50 காசாகவும், 2025 ஜனவரி 1 முதல் 90 காசாகவும் உயர்ந்தது. 350 மில்லி லிட்டர் போத்தலுக்கு இது 31 காசுக்குச் சற்று மேல். தனியாக வாங்கும்போது இந்தக் காசு விலையில் தெரியும், கையை ஒரு நொடி தயங்கவும் வைக்கும். செட்டுக்குள் போய்விட்டால் தெரிவதில்லை. சாண்ட்விச்சையும் வறுவலையும் ஏற்கெனவே எடுத்துவிட்டவருக்கு (7.30 ரிங்கிட்) செட் விலையில் அந்தப் பானம் 60 காசுக்கே கிடைக்கிறது, வரியால் ஏறிய விலையைப்போல் பல மடங்கைக் கழிவு இறக்கிவிடுகிறது. செட் வாங்கியே ஆக வேண்டியிருந்தால் அதில் சேரும் பானம் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது லேபிளைப் பார்த்து 5 கிராமுக்குக் கீழ் உள்ளதை எடுக்கலாம். வரிக்குப் பிறகு அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே வரும்படி தயாரித்த பானங்கள் பல வந்திருக்கின்றன.

சூடுபெட்டிச் சாப்பாட்டில் நேரத்தையும் தரத்தோடு சேர்க்க வேண்டும். சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 4 பாகைக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமி பெருகும். சமைத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது சுகாதார அமைச்சு. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி வெளியிடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) முன்பே சோறு கட்டிக்கொண்டு போய்க் காலையிலேயே சாப்பிட்டு முடித்த பால்மரக் காலத்துத் தோட்டத் தொழிலாளிகள் இந்த எல்லையைத் தெரியாமலே ஏறத்தாழக் காத்துவந்தார்கள். பேரங்காடியில் பொட்டலத்தின் மேல் சமைத்த நேரம் ஒட்டியிருந்தால் நல்லது; பத்து மணிக்குச் சமைத்ததைப் பன்னிரண்டரைக்கு வாங்கி மேசை இழுப்பறையில் வைத்து மூன்றரைக்குச் சாப்பிடுகிறவர் எல்லையைக் கடந்துவிட்டார். நேரம் ஒட்டாத பொட்டலத்தை நான் வாங்குவதில்லை.

ஒட்டுக்கடையோடு ஒப்பிடாமல் இந்தக் கணக்கு நிறைவு பெறாது. நெடுஞ்சாலை ஓரத்து ஒட்டுக்கடையில் எட்டு வெள்ளிக்குச் சோறு, ஒரு துண்டு மீன், இரண்டு வகைக் காய்கறி, ரசம் கிடைக்கிறது. காய்கறி விஷயத்தில் பேரங்காடிச் செட் அதன் பக்கத்திலேயே வர முடியாது. மறுபடி கொஞ்சம் குழம்பு கேட்டால், "தட்ட நீட்டுங்க அண்ணே" என்று ஊற்றுவார்கள். ஆனால் ஒட்டுக்கடையில் விலை பெரும்பாலும் கண் அளவில் போடப்படுகிறது. இன்று எட்டு, நாளை அதே தட்டுக்கு ஒன்பதரை என்று வரும்போது கேட்கக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம். விலைப் பட்டியல் வைக்க வேண்டும் என்ற சட்டம் சிறு கடைக்கும் உண்டு, பலர் வைப்பதில்லை. பேரங்காடியின் பெரிய பலம் அதன் நிலையான விலை, இன்னொரு பலம் நேரம். இரவு பத்து மணிக்கு வேலை முடித்துத் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்குகிற பெண்ணுக்கு எந்த ஒட்டுக்கடையும் திறந்திருக்காது. அவருக்குச் செட்தான் சாப்பாடு, அவரிடம் போய் ஒட்டுக்கடையின் ரசத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அளவுகோலாக இருப்பது மெனு ரஹ்மா. அப்போதைய உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சர் சலாஹுடின் அயூப் 2023 ஜனவரி 31-இல் தொடங்கிவைத்த இந்தத் திட்டத்தில், விரும்பிச் சேரும் கடைகள் ஒரு வேளைச் சாப்பாட்டை 5 ரிங்கிட்டுக்கோ அதற்குக் குறைவாகவோ விற்க வேண்டும். எல்லா இடத்திலும் அது கிடைக்கிறது என்று சொல்ல முடியாது, கிடைக்கும் இடத்திலும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இருந்தாலும், 5 ரிங்கிட்டுக்குச் சோறும் கறியும் கொடுக்க முன்வந்த கடைகள் உண்டு என்பது நினைவில் இருந்தால், 7.90-க்கு 42 கிராம் நிரப்பும் ஒரு கைப்பிடி வறுவலும் கொடுப்பதை மலிவு என்று ஏற்பது கடினமாகும்.

அதே பேரங்காடிக்குள்ளேயே செட்டுக்கு வெளியே நல்ல சாப்பாடு இருக்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. முட்டைக்கான உதவித்தொகை 2025 ஆகஸ்டு 1-இல் நிறுத்தப்பட்ட பிறகும் ஒரு முட்டை அரை வெள்ளியைச் சுற்றித்தான் நிற்கிறது, அதில் 6 கிராம் புரதம். காலையில் மூன்று முட்டையை அவித்து எடுத்துக்கொண்டு, ரொட்டியும் இரண்டு வாழைப்பழமும் சேர்த்தால் சாண்ட்விச் செட்டின் பாதி விலைக்குள் அதைவிட அதிகப் புரதம் வந்துவிடும். 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் அடையாள அட்டை வழியாகக் கொடுக்கப்பட்ட 100 ரிங்கிட் 'சாரா' என்ற அரசாங்க உதவியும் அரிசி, முட்டை, ரொட்டி போன்ற அடிப்படைப் பொருள்களுக்கானதுதான். நான்கு பேர் சேர்ந்து ஒரு முழு வாட்டிய கோழியை வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதை எங்கள் ஊர்த் தொழிற்சாலைப் பெண்களிடம் பார்த்திருக்கிறேன். ஒருத்தி வீட்டிலிருந்து சோறு, இன்னொருத்தி வீட்டிலிருந்து ஒரு காய். தலைக்கு ஆறு வெள்ளிக்கு மேல் ஆகவில்லை என்றார்கள்.

செட்டையே ஒழிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. அவசரத்தில் இருக்கிறவருக்கும், இரவு வேலைக்காரருக்கும், எப்படியும் பானம் வாங்கப் போகிறவருக்கும் அது உண்மையிலேயே மிச்சம் தருகிறது. உறுப்பினர் செயலி உள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு ஒரு விலை என்ற வழக்கம் இங்கும் பரவிவருவதால், பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் ஆயாக்கள் அதே செட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் கடைகள் சீக்கிரம் திருத்த வேண்டும். நான் அந்தப் பேரங்காடியின் மேலாளரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சாண்ட்விச் 4.90, ஒரு வாழைப்பழம் 80 காசு, ஒரு போத்தல் வெறும் தண்ணீர் 1 ரிங்கிட், மொத்தம் 6.70, இதைச் செட்டாகக் கட்டி 6 ரிங்கிட்டுக்கு வையுங்கள், நாசி லெமாக்கோடு டின் பானத்துக்குப் பதிலாக ஒரு முழு முட்டையையும் தண்ணீரையும் எடுக்க இடம் கொடுங்கள் என்று. அவர் பொறுமையாகப் படித்தார். செட் பட்டியல் தலைமையகத்திலிருந்து வருவதாகவும், கல்லா இயந்திரத்தில் புதிய செட்டைச் சேர்க்கத் தமக்கு அதிகாரமில்லை என்றும், தாளை மேலே அனுப்புவதாகவும் சொன்னார். இரண்டு மாதம் ஆகிறது. மஞ்சள் அட்டையில் இன்னும் அதே மூன்று செட்டுகள் இருக்கின்றன; இந்த வாரம் இன்னொரு தாள் எழுதி, வரிசையில் நிற்கிறவர்களிடம் கையெழுத்தும் வாங்கத் தொடங்கியிருக்கிறேன்.